ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலும்: சேற்றில் இறங்கி வீடு திரும்ப வேண்டிய வண்டிக்கு

சிங்கப்பூரின் தெங்காவில் மழை விட்ட ஒரு மதியம். கட்டுமானத் தளத்தின் வாசலில் மண் லாரி ஒன்று ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்னால் இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றின. வலப்பக்கம் அசையவே இல்லை. ஓட்டுநர் பதறவில்லை. காலை எடுத்தார், சக்கரம் நிற்கும்வரை பொறுத்தார், டேஷ்போர்டுக்குக் கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினார், பிறகு மெதுவாக விட்டார். இரண்டு பக்கமும் ஒன்றாக உருண்டன. அரை நிமிடத்தில் லாரி சாலைக்கு வந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் செங்கல் தொழில் நடந்தது. பிரிக்லேண்ட் என்ற பெயரே அதன் நினைவுதான். செங்கலுக்கு நல்ல களிமண், மழை பெய்துவிட்டால் டயருக்கு எமன்.

அந்தப் பொத்தான்தான் டிஃப் லாக்: ஆக்ஸில் என்ற அச்சின் நடுவே இருக்கும் டிஃபரன்ஷியலைப் பூட்டி, இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைப்பது. தளங்களில் லாரி ஓட்டும் நம் ஊர்க்காரர்களுக்கு அது அன்றாடப் பொருள். ஜிம்னி, டிஃபெண்டர், பழைய லேண்ட் குரூசர் என்று ஜீப் வகை வண்டிகளை வைத்துக்கொண்டு வார இறுதியில் மலேசியாவின் ஜோகூர்ச் சேற்றைத் தேடிப் போகும் நண்பர்களுக்கோ அது தீராத விவாதம். “எந்த லாக்கர் போடலாம்? ஆக்ஸிலையே மாத்தணுமா?” என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: திங்கட்கிழமை காலை எந்த வண்டியில் வேலைக்குப் போவீர்கள்?

அதே வண்டியில்தான் என்றால் எல்லாமே மாறிவிடும். நாம் பார்க்கும் வீடியோக்களில் வரும் பல வண்டிகள் டிரெய்லரில் ஏறி மலைக்குப் போய், டிரெய்லரிலேயே வீடு திரும்புபவை. நம் வண்டி கடற்பாலத்தைத் தானே கடக்கிறது, சேற்றில் இறங்குகிறது, மழை கொட்டும் நெடுஞ்சாலையில் அதே ஆக்ஸிலில் திரும்புகிறது, சோதனைச்சாவடி வரிசையில் ஊர்கிறது, கடைசியில் வீவக அடுக்குமாடி வீடுகளின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. இந்த முழுப் பயணத்துக்கும் பொருந்துகிற ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலும்தான் நமக்கு வேண்டியவை.

டிஃபரன்ஷியல் ஏன் இருக்கிறது

வண்டி திரும்பும்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். ஜிம்னியின் இரு பின்சக்கரங்களுக்கும் நடுவே சுமார் 1.4 மீட்டர். ஒரு சந்தில் 90 டிகிரி திரும்பினால் வெளிச் சக்கரம் 2.2 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால், ஒரு டயர் தரையில் தேய்ந்துதான் அந்தக் கணக்கைத் தீர்க்கும். இதற்கு வழியாக, இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும்படி, பிரான்ஸில் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற கடிகாரக் கைவினைஞர் 1827-இல் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்ற பல்லிணைப்புத்தான் இன்றைய டிஃபரன்ஷியலின் மூலம். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை.

இங்கே பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். “சறுக்கும் சக்கரத்துக்குத்தான் எல்லாப் பவரும் போகிறது” என்பார்கள். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தருகிறது. சிக்கலே அந்தச் சமத்துவத்தில்தான் இருக்கிறது. சேற்றில் நிற்கும் சக்கரம் 50 நியூட்டன் மீட்டர் முறுக்கிலேயே வழுக்கிவிடும் என்றால், கெட்டித் தரையில் நிற்கும் மற்றதற்கும் அதே 50-தான் கிடைக்கும். வண்டியை நகர்த்த அது போதாது. எவ்வளவு ஆக்ஸிலேட்டர் கொடுத்தாலும் வழுக்கும் சக்கரம் வேகமாகச் சுற்றுமே தவிர, மற்றது சும்மா நிற்கும்.

நாலு சக்கர ஓட்டத்திலும் இதே கதைதான். முன்னும் பின்னும் பூட்டு இல்லாத டிஃபரன்ஷியல் இருந்தால், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பிடிமானம் இழந்தாலே போதும், வண்டி நின்றுவிடும். தோட்டத்து மண் சாலையைக் குறுக்காக வெட்டிப் போகும் வாய்க்காலில் வண்டியைச் சாய்வாக இறக்கினால் மூலைக்கு மூலை இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும். முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் அதுதான்.

கோத்தா திங்கி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாங்களும் அப்படி மாட்டிக்கொண்டோம். குலை ஏற்றப் போன டிராக்டர் ஒன்று அந்த வழியாக வந்தது. ஓட்டிவந்தவர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், 60 வயது இருக்கும். கயிறு கட்டி எங்களை இழுத்துவிட்டு, தன் இருக்கைக்குக் கீழே வலது குதிகாலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மிதியைக் காட்டினார். “இதை மிதிச்சா ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்தும் தம்பி. காலை எடுத்தா விட்டுடும். மிதிச்சுக்கிட்டே திருப்பக்கூடாது, உடைஞ்சிடும்.” லாக்கர் பற்றி நான் அதற்குப் பிறகு படித்த எல்லாம் அந்த மூன்று வாக்கியங்களுக்கு விளக்கம்தான்.

பூட்டும் வகைகள்

பூட்டாமலே ஓரளவு சமாளிக்கும் வகையிலிருந்து தொடங்கலாம். தட்டுகள் உரசி இரு பக்க வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. தட்டு தேயத் தேய வேலை குறையும். 15 ஆண்டு ஓடிய வண்டியில் அது இருக்கிறது என்று நம்பி யாரும் சேற்றில் இறங்க வேண்டாம்.

பல்சக்கரங்களாலேயே வேலை செய்யும் டார்சன், ட்ரூட்ராக் வகை வேறு. வெர்னன் க்ளீஸ்மன் 1958-இல் காப்புரிமை பெற்ற டார்சன் அமைப்பு, பிடிமானம் குறைந்த பக்கம் தாங்குவதைப் போல இரண்டு, மூன்று மடங்கு முறுக்கை மறுபக்கத்துக்குத் தள்ளும். தேய்மானம் மிகக் குறைவு, சத்தம் இல்லை, சாலையில் இருப்பதே தெரியாது. ஆனால் இது பெருக்கல் கணக்கு. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதன் பிடிமானம் பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனையால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அந்த நேரத்தில் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டர் கொடுத்தால், தொங்கும் சக்கரத்துக்கு ஒரு தடை கிடைத்து மறுபக்கம் உயிர் பெறும். பூட்டு இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலிலும் இந்த வித்தை கொஞ்சம் உதவும்.

2018-இல் வந்த நான்காம் தலைமுறை ஜிம்னியில் இதே வித்தையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. சறுக்கும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும். கல்லும் மேடும் உள்ள பாதையில் இது ஆச்சரியப்படும் அளவுக்கு வேலை செய்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் சக்கரம் சறுக்கிய பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். ஜோகூரின் ஈரக் களிமண்ணில் சக்கரம் ஒருமுறை சுற்றிவிட்டாலே டயரின் பள்ளங்களில் சேறு அப்பி, டயர் வழவழவென்று ஆகிவிடும். சறுக்குவதற்கு முன்பே இரண்டும் ஒன்றாக உருள வேண்டிய மண் அது. பூட்டுக்கு அங்கேதான் மரியாதை.

முழுப் பூட்டிலும் தானாகப் பூட்டுவது ஒரு வகை, நாம் சொன்னால் மட்டும் பூட்டுவது ஒரு வகை. டெட்ராய்ட் லாக்கர் தானாகப் பூட்டும் வகையில் பெயர் பெற்றது. பழைய டிஃபரன்ஷியல் கூட்டுக்குள்ளேயே உள்ளே இருக்கும் சிறு பல்சக்கரங்களை மட்டும் எடுத்துவிட்டுப் பொருத்தும் சின்ன லாக்கர்களும் இதே இனம்தான், விலையும் குறைவு. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்ளும். திரும்பும்போது வேகமாக ஓட வேண்டிய பக்கம் கடகடவென்று பல் தாண்டி விலகும். நீண்ட பாதையில் உறுதியான பொருள், கம்பியோ காற்றோ தேவையில்லை.

நம் ஊர் வாழ்க்கைக்கு மட்டும் அது ஒத்துவராது என்பது என் கருத்து. பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் பெயிண்ட் அடித்த வழுவழுப்பான தரையில் நாலாம் மாடிக்குச் சுற்றி ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் டயர் கீச்சிடும், உள்ளே ‘டக்’ என்று அடிக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். மழையில் விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் வளைந்த பாதையில் காலை எடுத்து மறுபடி கொடுக்கும் அந்த நொடியில் பூட்டு விழுந்தால், ஜிம்னி போன்ற குட்டை வண்டியின் பின்பக்கம் ஒரு உலுக்கு உலுக்கும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியில் எனக்கு அது வேண்டாம்.

பொத்தானில் வேலை செய்யும் பூட்டு காற்றிலும் உண்டு, மின்சாரத்திலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் 1987-இல் ராபர்ட்ஸ் டிஃப் லாக் என்ற வடிவமைப்பை வாங்கி வளர்த்ததுதான் இன்று பரவலாகத் தெரிந்த ஏர் லாக்கர். சிறு கம்ப்ரெசர், மெல்லிய காற்றுக் குழாய், உள்ளே ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தாதவரை அது சாதாரண டிஃபரன்ஷியல். அழுத்தினால் நூற்றுக்கு நூறு பூட்டு. காற்றுக் குழாய் கிளையில் மாட்டி அறுந்தாலோ உள்ளே ரப்பர் வளையம் கசிந்தாலோ பூட்டு விழாது, அதுதான் அதன் பலவீனம். நன்மையையும் சொல்ல வேண்டும்: அதே கம்ப்ரெசரைக் கொண்டே டயருக்குக் காற்றும் அடித்துக்கொள்ளலாம். மின்சார வகையில் காற்று வேலை இல்லை, ஆனால் ஒயரிங் நீர் புகாமல் இருக்க வேண்டும். எனக்கு இரண்டில் எதுவும் சம்மதம். வேண்டியபோது பூட்டி, வேண்டாதபோது விலக்குவதுதான் முக்கியம். மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் முன், நடு, பின் என்று மூன்று பூட்டுகளோடு வந்து புகழ் பெற்றதும் இதனால்தான்.

டிஃபரன்ஷியலை வெல்டிங்கில் பற்றவைத்து நிரந்தரமாகப் பூட்டுவதைப் பற்றி ஒரே வரி: பந்தயத் திடலுக்கு மட்டுமே ஓட்டுகிற வண்டிக்கு, வேறு எதற்கும் இல்லை.

முன்னால் பூட்டலாமா என்று அடுத்த கேள்வி வரும். பின்னால் பூட்டிய பிறகும் போதாது என்று நீங்களே உணர்ந்தால் யோசிக்கலாம். முன்னால் பூட்டினால் ஸ்டீயரிங் திரும்ப மறுக்கும், வண்டி நேராகத் தள்ளிக்கொண்டே போகும். சக்கரம் முழுக்கத் திரும்பிய நிலையில் முன் ஆக்ஸிலின் சி.வி. ஜாயிண்ட், அதாவது வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு, மிகவும் பலவீனமாக இருக்கும். அப்போது பூட்டைப் போட்டு மிதித்தால் உள்ளே இருக்கும் குண்டும் கூடும் நொறுங்கிவிடும். டிராக்டர்காரர் சொன்னதும் இதைத்தான்.

பூட்டினால் சுமை எங்கே போகிறது

பூட்டின் பெருமையைப் பேசும் பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். பூட்டு இல்லாத டிஃபரன்ஷியல் ஒரு வகையில் பாதுகாப்பு ஃபியூஸ் மாதிரி. ஒரு சக்கரம் வழுக்கியதும் மறுபக்கத்துக்குப் போகும் முறுக்கும் தானாகக் குறைந்துவிடும். பூட்டிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒரு சக்கரம் காற்றில், மற்றது பாறை இடுக்கில் என்றால், ஆக்ஸிலுக்கு வரும் முழு முறுக்கும் ஒரே ஷாஃப்டின் தலையில்.

ஜிம்னி கணக்கைப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் தருவது 130 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது சுமார் 4.4 மடங்கு. முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்சில் 2 மடங்கு. டிஃபரன்ஷியலில் மேனுவல் வண்டிக்கு 4.09 மடங்கு. பெருக்கினால் 4,700-க்குப் பக்கத்தில் வருகிறது. சின்ன எஞ்சின்தானே என்று நினைக்கும் வண்டியில் இவ்வளவு. நடைமுறையில் டயர் தரையில் வழுக்கிவிடுவதால் இது முழுதாக ஷாஃப்டை எட்டுவதில்லை. டயரைப் பெரிதாக்கி, தரையைப் பற்றும் ரப்பர் பட்டன்கள் பெரிதாக உள்ள மட் டயர் போட்டு, வண்டியின் எடையையும் கூட்டினால், வழுக்கிவிடும் அந்த எல்லை மேலே போய்க்கொண்டே இருக்கும். டயர் விட்டுக்கொடுக்காவிட்டால் இரும்பு விட்டுக்கொடுக்கும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் தன் ஜிம்னிக்கு 31 அங்குல டயர் போட்டு, பின்னால் தானாகப் பூட்டும் சின்ன லாக்கரும் போட்டார். மற்ற எதையும் தொடவில்லை. இரண்டாவது பயணத்தில், வாய்க்கால் கரையில் ஏறும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம். கோயில் மணியை ஒரே அடி அடித்து நிறுத்தியது போல இருந்தது. வலப்பக்க ஆக்ஸில் ஷாஃப்ட், டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் முனையில் உடைந்திருந்தது. மறுநாள் ஜோகூரில் ஒரு பட்டறையில் அதை வெளியே எடுத்தபோது கையில் வாங்கிப் பார்த்தேன். முனையில் நேராக இருக்க வேண்டிய வரிப்பற்கள் முறுக்கிய கயிறு போலச் சுழன்றிருந்தன. ஒரே அடியில் உடைந்ததில்லை அது. முதல் பயணத்திலிருந்தே முறுகி முறுகி, அன்றைக்கு விட்டுவிட்டது.

அதனால் ஷாஃப்டின் தடிமனைக் கவனிக்கச் சொல்கிறேன். முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். விட்டம் 10 விழுக்காடு கூடினாலே வலு 33 விழுக்காடு கூடிவிடும். நல்ல உருக்கில் செய்த, சற்றே தடித்த ஷாஃப்டுகள் பல வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. முழு ஆக்ஸிலையும் மாற்றுவதற்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆக்ஸிலில் பார்க்க வேண்டியது

துவாஸ், சுங்கை காடுட் பக்கம் நிற்கும் பெரிய லாரி ஒன்றின் பின்சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்தின் நடுவில் ஒரு கிண்ணம் போலத் துருத்திக்கொண்டிருக்கும், அதைச் சுற்றி வட்டமாகச் சிறு போல்ட்டுகள். அது ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸில். வண்டியின் எடையை ஹவுசிங் என்ற வெளிக்கூட்டின் முனையும் அதன் மேல் உள்ள இரண்டு பேரிங்குகளும் தாங்குகின்றன. உள்ளே ஓடும் ஷாஃப்டுக்கு முறுக்கும் வேலை மட்டுமே. ஷாஃப்ட் உடைந்தால் போல்ட்டுகளைக் கழற்றி உருவிவிடலாம், சக்கரம் தன் இடத்திலேயே நிற்கும். லேண்ட் குரூசர் 70, பழைய டிஃபெண்டர் ஆகியவற்றின் பின் ஆக்ஸில் இந்த வகை. முன் ஆக்ஸிலை மட்டும் வைத்து ஓட்டிக்கொண்டு சாலைக்கு வந்துவிடலாம்.

ஜிம்னி, ஹைலக்ஸ் போன்றவற்றில் செமி ஃப்ளோட்டிங். அதே ஷாஃப்ட் எடையையும் சுமக்கிறது, முறுக்கையும் சுமக்கிறது. உடைவது உள்முனையில் என்றால் பிழைத்தோம். நண்பருக்கு அப்படித்தான் ஆனது. பேரிங்குக்கு வெளியே, சக்கரம் பொருந்தும் தட்டுக்குப் பக்கத்தில் உடைந்தால் சக்கரமே கழன்று ஓடும். மண் பாதையில் அது தொந்தரவு, விரைவுச்சாலையில் உயிர் விவகாரம். பெரிய டயரும் வெளியே தள்ளிய ரிம்மும் போட்ட செமி ஃப்ளோட்டிங் வண்டி வைத்திருப்பவர்கள் அந்த பேரிங்கையும் ஆயில் சீலையும் அடிக்கடி பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எடையும் இதில் சேர்ந்ததுதான். ஜிம்னியின் சொந்த எடை சுமார் 1,100 கிலோ, ஏற்றலாம் என்று அனுமதித்த மொத்த எடை 1,435. நடுவில் இருப்பது 330 கிலோ சொச்சம். இரும்பு பம்பர், வண்டியை இழுக்கும் விஞ்ச், கூரைக் கூடாரம், இரண்டு நண்பர்கள், எல்லையைக் கடக்கச் சட்டப்படி வேண்டிய முக்கால் டேங்க் பெட்ரோல் என்று கூட்டிப் பாருங்கள். ஆக்ஸிலை மாற்ற வேண்டும் என்று வந்தவர்கள் சிலருக்கு நான் சொன்ன மருந்து, சாமானை இறக்குங்கள் என்பதுதான்.

நீள இரும்பு ஹவுசிங் கொண்ட திட ஆக்ஸிலா, முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பா என்ற சண்டை பெரியது. தனித்தனியாக ஆடுவது சாலையில் சுகம். உயரத்தைக் கூட்டினால் சி.வி. ஷாஃப்டின் கோணம் கூடி, ரப்பர் உறை கிழிந்து, மணல் புகுந்து ஜாயிண்ட் போய்விடும். திட ஆக்ஸிலில் ஒரு சக்கரம் மேலே ஏறினால் மற்றது தரையைத் தேடி அழுந்தும். மேடு பள்ளத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் வண்டியின் மிகத் தாழ்ந்த இடம். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 2 அங்குலம் தூக்கினாலும் அந்த உருண்டை ஒரு மயிரிழை உயராது. அதை உயர்த்தும் ஒரே வழி டயர். டயரின் விட்டம் 40 மி.மீ. கூடினால் உருண்டை 20 மி.மீ. உயரும். யூனிமாக் லாரியில் இருப்பது போல, சக்கரத்தின் மையத்துக்கு மேலே ஆக்ஸிலை வைத்துப் பல்சக்கரத்தால் கீழே இறக்கும் போர்ட்டல் ஆக்ஸில் இதற்கு அழகான விடை. நம் கைக்கு எட்டும் வண்டிகளுக்கு அது விலை மிஞ்சிய விடை.

ரேஷியோ, மறக்கப்படும் பாதி

டயர் பெரிதானால் எஞ்சின் சோர்ந்துபோகும். ஜிம்னியின் 195/80ஆர்15 டயரின் விட்டம் 693 மி.மீ. 235/75ஆர்15 போட்டால் 733 மி.மீ., கிட்டத்தட்ட 6 விழுக்காடு கூடுதல். ஸ்பீடோமீட்டர் 90 காட்டும்போது முன்பைவிட 6 விழுக்காடு வேகமாகப் போகிறீர்கள். பழைய இழுவை திரும்ப வேண்டுமானால் டிஃபரன்ஷியலின் 4.09 மடங்கு என்ற ரேஷியோ 4.33 ஆக வேண்டும்.  31 அங்குலம் போட்டால் 4.65 பக்கம் வரவேண்டும்.

ரேஷியோ எண்ணைக் கூட்டுவதற்கும் விலை உண்டு. டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலின் அளவு மாறாமல் எண் கூட வேண்டுமானால், அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரமான பினியன் சிறியதாக வேண்டும். 4.1 என்றால் 41 பல்லுக்கு 10 பல், 4.88 என்றால் 39-க்கு 8. பல் குறைந்த, ஒல்லியான பினியனில் ஒரே நேரத்தில் கடிக்கும் பற்களும் குறைவு. இழுவை கூடும், பினியனின் ஆயுள் இறங்கும். அதனால் தேவைக்கு மேல் ரேஷியோ வாங்காதீர்கள். முன்னும் பின்னும் ஒரே ரேஷியோவாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நாலு சக்கர ஓட்டத்தைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுகிச் சாகும்.

பொருளைவிடப் பொருத்தும் கை முக்கியம். எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் புதுக்கோட்டைக்காரர். கிரௌன் வீல் பற்களில் மஞ்சள் பசையை மெல்லிய தூரிகையால் பூசி, பினியனைக் கையால் மெதுவாகச் சுற்றி, பசை எங்கே அழிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். அழிந்த தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டும். நுனியில் விழுந்தாலோ அடியில் விழுந்தாலோ காகிதம் போல மெல்லிய ஷிம் தகடு ஒன்றைச் சேர்த்து அல்லது எடுத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். பற்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி பொதுவாக 0.15 முதல் 0.20 மி.மீ. என் வண்டிக்கு ஆறு முறை கழற்றிப் பூட்டினார். “அவசரப்படுத்தாதீங்கண்ணே, இது இன்னிக்கு ஊளையிடலன்னா பத்து வருஷத்துக்கு ஊளையிடாது” என்றார். அந்த ஒரு நாள் கூலியைப் பார்த்துப் பின்வாங்கி, அரை நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். 80 கி.மீ. வேகத்தில் பின்னாலிருந்து வரும் அந்த ஊளைச் சத்தம் ஒருமுறை தொடங்கிவிட்டால் புதுப் பற்கள் வாங்குவது ஒன்றே வழி. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மென்மையாக ஓட்டி, சூடானதும் நிறுத்தி ஆறவிட்டு, பிறகு ஆயிலை மாற்றுங்கள்.

சிங்கப்பூர்க் கணக்கு

இங்கே வண்டியின் ஆயுள் சிஓஇ என்ற 10 ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழோடு கட்டப்பட்டது. ஏழாம் ஆண்டில் இருக்கும் வண்டிக்கு ஆக்ஸில் மாற்றுவது என்னைப் பொறுத்தவரை வீண். சிஓஇ-யைப் புதுப்பித்த பழைய லேண்ட் குரூசர் என்றால், அதில் தொழிற்சாலை கொடுத்த ஆக்ஸிலே போதுமான வலு. பேரிங்கும் சீலும் மாற்றி, பின்னால் ஒரு பூட்டுப் போட்டால் முடிந்தது. ஓட்டுவிசைப் பாகங்களில் கை வைக்கும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லுங்கள். மூன்று வயதான வண்டி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்தைத் தாண்டியது ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். அன்றைக்குத் திரும்பப் பொருத்தப் பழைய பாகங்களைத் தேடிக்கொண்டு அலைவது பெரும் அவதி.

2025 ஜூலை 1 முதல் மலேசியா சிங்கப்பூர் வண்டிகளுக்கு விஇபி என்ற வாகன நுழைவு அனுமதியைக் கறாராகப் பார்க்கிறது. அனுமதி இருந்தாலும், உடைந்த வண்டியை எல்லைக்கு இந்தப் பக்கம் கொண்டுவருவது எவ்வளவு சிரமம் என்று ஷாஃப்ட் உடைந்த நண்பர் அந்த ஒரு வாரத்தில் கண்டுகொண்டார். உதிரி ஷாஃப்டை நான்தான் இங்கிருந்து கொண்டுபோனேன்.

என்னிடம் கேட்டால் வரிசை இப்படி: முதலில் நல்ல டயர், அதுவும் தொழிற்சாலை அளவைவிட ஒரு படி மட்டும் பெரிது. சேற்றில் இறங்கும் முன் காற்றை 30-லிருந்து 18 பிஎஸ்ஐ-க்கு இறக்குங்கள். காசே இல்லாத இந்த மாற்றம் பாதிப் பேருக்கு லாக்கரின் தேவையையே தீர்த்துவிடும். திரும்பும்போது சாலையைத் தொடும் முன் ஏற்றிவிடுங்கள். அப்புறம் பின்னால் பொத்தான் வகைப் பூட்டு, கூடவே வலுவான ஷாஃப்ட். இழுவை போதவில்லை என்றால் ரேஷியோ. லாக்கர் போடவும் டிஃபரன்ஷியலைத் திறக்கிறார்கள் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் செய்தால் ஒரு கூலி மிச்சம். முன் பூட்டு கடைசியில், பெரும்பாலும் தேவைப்படாது. 1997 முதல் மலேசியக் காடுகளில் ஆண்டின் கடைசியில் பருவமழையைத் தேடிப்போய் நடத்தும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போன்ற போட்டிக்குப் போகிறவர்கள் இந்த வரிசைக்கு வெளியே. அவர்களுக்கு முன்னும் பின்னும் பூட்டு, விஞ்ச், பெரிய ஆக்ஸில் எல்லாமே வேண்டும்.

விலை குறைந்த ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆக்ஸில் ஹவுசிங்கின் மேல் பிரீதர் என்ற சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். ஓடிச் சூடான ஆக்ஸிலை ஆற்றுத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். பிரீதர் தாழ்வாக இருந்தாலோ அடைத்திருந்தாலோ பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிவிடும். அதற்கு ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுங்கள். தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் டிஃபரன்ஷியல் வடிகால் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, விரலில் கொஞ்சம் ஆயில் எடுத்துப் பாருங்கள். தேன் நிறத்தில் இருந்தால் இறுக்கிவிட்டுப் போகலாம். தே தாரிக் என்ற பால் தேநீரின் நிறத்தில் நுரைத்திருந்தால் அன்றைக்கே முழுவதையும் வடித்து, புது ஜிஎல்-5 ஆயில் ஊற்றி, 50 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள்.